அப்படியே ஹெர்மிலா மாதிரி

லிமா

அன்புள்ள அம்மாவுக்கு எவாரிஸ்தாவின் வணக்கம். நான் நலம். உன் முழங்கால் வலி தணிந்ததா?

சுட்ட கோழி விற்கும் எங்கள் கடையின் புதுக் கிளைக்காக எங்களுக்குப் பயிற்சி நடக்கிறது. கோபமாக வருபவரை முதலில் பேசவிட வேண்டும் என்று என்னோடு வேலைக்குச் சேர்ந்த ஹெர்மிலாவும் நானும் ஒன்றாகத்தான் படித்தோம். கடையில் அவள் அதைச் செய்தாள். நான் எதிர்த்துப் பேசிவிட்டேன். அவளைப் பார்த்துக் கற்றுக்கொள் என்று பயிற்சியாளர் என்னை ஒரு வாரம் அவள் பக்கத்தில் நிறுத்தினார். வயிறு எரிந்தது.

நேற்று, கோழி தாமதமானதால் ஒருவர் கத்தினார். முழுவதும் கேட்டுவிட்டு, "தப்பு எங்களோடதுதான் சார், சூடா நானே கொண்டு வரேன்" என்றேன். அவர் சிரித்துவிட்டார்.

பயிற்சியாளர் தோளைத் தட்டினார். "அப்படியே ஹெர்மிலா மாதிரி பேசுறியே."

என் பாராட்டிலும் அவள்தான்.

அவள் அம்மா அனுப்பும் வறுத்த சோளத்தை எனக்கும் நீட்டுகிறாள். ஆசையாக இருந்தாலும் வாங்குவதில்லை. நீ நிறைய வறுத்து அனுப்பு அம்மா. அவளும் ஒருநாள் என் கையிலிருந்து வாங்கித் தின்னட்டும்.

கடையைத் திறந்துவிட்டார்கள், ஓடுகிறேன்.

உன் எவாரிஸ்தா