நாளைக்குத் தேநீர் இல்லை, அப்பா

அப்பா,

விருந்தாளிகளுக்கென்று நீங்கள் வாங்கிய பூப்போட்ட தட்டத்தை இன்று மாலை அம்மா கேட்டார். குளிர்ப்பெட்டிக்கு மேலே, நீங்கள் சுற்றி வைத்த செய்தித்தாளுக்குள்ளேயே அது இருந்தது. தாளைப் பிரித்தபோது ரோல்ஸ் பொரித்த எண்ணெயின் மணம் வந்தது. இரண்டு வருடமாகியும் போகாத மணம். கொஞ்ச நேரம் தட்டத்தைப் பிடித்தபடி நின்றேன். பிறகு அம்மாவிடம் கொடுக்காமல், மூன்று மாடி இறங்கி நிலவறையில் கொண்டுபோய் ஒளித்துவிட்டேன். சாவி என் பென்சில் பெட்டிக்குள் இருக்கிறது.

நாளை காலை பத்து மணிக்கு டெர்மீன், வீட்டுக்கு வந்து பார்க்க அவர்கள் குறித்த நேரம். அம்மாவுக்கு எவ்வளவு உதவி தேவை என்று பார்க்க, பராமரிப்புக் காப்புறுதியிலிருந்து மறுபடியும் ஒருவர் வருகிறார். இந்த முறை நீங்கள் இல்லை.

அம்மா தூங்கிவிட்டார். நான் குளியலறைக் கதவைப் பூட்டிவிட்டு, அந்தப் பிளாஸ்டிக் கதிரையில் இருந்து எழுதுகிறேன். பள்ளிக்கூடத்து ஜேர்மன் மொழியில், டொச்சில் எழுதினால் அம்மாவுக்கு விளங்காது, பயமில்லை. ஆனால் உங்களுக்கும் விளங்காதே. அதனால்தான் தமிழில் எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் டெர்மீன் உங்களுக்கு நினைவிருக்கும். எனக்குப் பதின்மூன்று வயது. வேலையால் வந்து நீங்கள் தூங்கவே இல்லை. முகம் வழித்து, கலியாண வீட்டுக்குப் போடும் நீலச் சட்டை போட்டீர்கள். அம்மாவுக்கு மெரூன் சீலை கட்டிவிட்டு, தலை இழுத்து, பொட்டும் வைத்துவிட்டீர்கள். அம்மா குளிக்கும் இந்தக் கதிரையையும், கட்டிலுக்குக் கீழே இருந்த மலசலச் சட்டியையும் நிலவறையில் ஒளித்தீர்கள். "ஏன் அப்பா?" என்று கேட்டேன். "வீட்டுக்கு ஆள் வரேக்க இதையெல்லாம் பரப்பி வைக்கிறதோ?" என்றீர்கள். காப்புறுதியிலிருந்து வந்த பெண் எதைப் பார்க்க வந்தாரோ, அதையெல்லாம் கழுவித் துடைத்து ஒளித்துவிட்டோம்.

அவர் வந்து கணினியைத் திறக்கும் முன்பே நீங்கள் ரோல்ஸை நீட்டினீர்கள்.

"அப்பா, அவவுக்கு வாங்க அனுமதி இல்லையாம்."

"ரோல்ஸுக்கும் சட்டமோ? ஒண்டு எடுக்கச் சொல்லு பிள்ளை. சாப்பிடாமப் போனா எங்களுக்கு மரியாதை இல்லை."

அவர் சிரித்தபடி தலையாட்டிவிட்டுக் கேள்விகளைத் தொடங்கினார். யார் குளிக்க வார்ப்பது? "அவவே குளிப்பா எண்டு சொல்லு." இரவில் கழிவறைக்கு எழும்பிப் போகிறாரா? "ஓம், தனியப் போவா." உடுப்பு? சாப்பாடு? நீங்கள் சொன்னதையெல்லாம் நான் டொச்சில் சொன்னேன். ஒவ்வொன்றும் பொய் என்று எனக்குத் தெரியும். முதல் நாள் இரவும் நீங்கள்தான் அம்மாவைத் தூக்கிக்கொண்டு போனீர்கள்.

அப்போதுதான் அம்மா கதிரைப் பிடியை ஊன்றித் தானே எழும்பினார். வந்த ஆளுக்குத் தன் கையால் தேநீர் கொடுக்காவிட்டால் அவருக்குப் பொறுக்காது. நீங்கள் தடுக்கவில்லை. தட்டத்தை அவர் கையில் வைத்துவிட்டு, பின்னால் கையை நீட்டியபடி, தொடாமல் நடந்தீர்கள். குசினியிலிருந்து மேசைக்கு ஏழு அடி. நான் எண்ணினேன். மூன்று கோப்பை, ஒரு சொட்டும் சிந்தவில்லை. உங்கள் முகத்தில் அப்படியொரு பெருமை.

அந்தப் பெண் என்னைப் பார்த்து மெதுவாகக் கேட்டார்: "நீ என்ன சொல்கிறாய்? எல்லாம் இப்படித்தானா?"

நான் உங்களைப் பார்த்தேன். பிறகு, டொச்சில் ஓம் என்று, "யா" என்றேன்.

அந்த ஏழு அடிக்காக அம்மா இரண்டு நாள் எழும்பவில்லை. மூன்று கிழமையில் கடிதம் வந்தது. உதவியின்றி நடக்கிறார், தட்டத்தில் பானம் கொண்டுவந்து பரிமாறுகிறார், ஆகவே உதவிக்குரிய பராமரிப்பு நிலை வழங்க இயலாது. நான்தான் வாசித்துச் சொன்னேன். "பார், நல்லா நடந்தவ எண்டு அவங்களே எழுதியிருக்கிறாங்கள்" என்று சொல்லிவிட்டு, நீங்கள் கடிதத்தை நான்காக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தீர்கள். அதற்குப் பிறகு அதைப் பற்றிக் கேட்டால், "எங்கட பாட்டை நாங்கள் பார்ப்பம்." உங்கள் பதில் எப்போதும் அதுதான்.

பார்த்தீர்கள், அப்பா. விடிய மூன்று மணிக்கு பேக்கரிக்குப் போய், மத்தியானம் வந்து சமைத்து, இரவில் இரண்டு தரம் அம்மாவைத் திருப்பிப் படுக்க வைத்து, எல்லாம் நீங்களே பார்த்தீர்கள். மாசி மாதத்தில் ஒரு நாள் பஸ் தரிப்பிடத்தில் விழுந்து, அப்படியே போய்விட்டீர்கள். உங்கள் பையில் அம்மாவுக்குப் பிடித்த எள்ளுப் பாண் இருந்தது.

அன்றிலிருந்து நான் பார்க்கிறேன். ஐந்தரைக்கு எழும்பி அம்மாவைக் கழுவி, உடுப்பு மாற்றி, சாப்பாடு தீத்திவிட்டு ஓடினாலும் முதல் பாடம் பாதி முடிந்துவிடுகிறது. ஆசிரியை கேட்டால் "பஸ் பிந்திவிட்டது" என்பேன். பொய் சொல்ல நான் எங்கே பழகினேன் என்று உங்களுக்குத் தெரியும். அம்மாவின் சிநேகிதி ஒருவர், "பத்தாம் வகுப்போட பள்ளிக்கூடத்தை நிப்பாட்டினா என்ன? பொம்பிளைப் பிள்ளைதானே, தாயைப் பார்க்கட்டும்" என்றார். நாளைக்கும் உதவி இல்லை என்று எழுதிவிட்டார்கள் என்றால், அதுதான் நடக்கும்.

அதனால் அன்ட்ராக் என்ற விண்ணப்பப் படிவத்தை நானே நிரப்பினேன். அம்மா கையெழுத்து வைத்தார், ஆனால் முழுதாக வாசித்துக் காட்டச் சொல்லவில்லை. நகரசபையின் ஆலோசனை நிலையத்துக்குப் பள்ளிக்கூடக் கழிவறையிலிருந்து தொலைபேசி எடுத்தேன். அங்கே இருந்த பெண் சொன்னார்: "நல்ல நாளைக் காட்டாதே. சாதாரண நாளைக் காட்டு. ஒவ்வொரு நாளும் என்ன செய்கிறாய் என்று எழுதி வை." கணக்குக் கொப்பியின் பின்பக்கங்களில் ஐந்து கிழமையாக எழுதியிருக்கிறேன். அம்மாவிடமிருந்து என்னைப் பிரித்துக் கொண்டுபோய்விடுவார்களா என்றும் கேட்டேன். "உதவி கேட்டதற்காக யாரும் உன்னைக் கொண்டுபோக மாட்டார்கள்" என்றார். நான் பாதிதான் நம்பினேன்.

இன்று பின்னேரம் அம்மா, "மெரூன் சீலையை எடுத்து வை" என்றார்.

"நாளைக்கு நைற்றியோட இருங்கோம்மா."

"வெளியாக்களுக்கு முன்னால நைற்றியோடயோ? கொப்பர் இருந்தா விடுவாரே?"

"அப்பா இல்லையம்மா."

"உள்ளதெல்லாத்தையும் சொல்லப்போறியோ? உன்னைக் கொண்டுபோடுவாங்கள் பிள்ளை. என்னை எங்கயோ ஒரு ஹைமில, நோயாளர் விடுதியில போட்டிடுவாங்கள். அவர் என்னை மானமா வைச்சிருந்தவர்."

அம்மா சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். திருப்பிவிட்டதும் நான்தான். அவரால் தனியே திரும்ப முடியாது. கோபத்தில் முகத்தைத் திருப்பக்கூட அவருக்கு என் கை வேண்டும், அப்பா. இதில் எதை ஒளிப்பது?

எனக்குப் பயமாக இருக்கிறது. அம்மா சொல்வது நடந்தால் நான் என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியாது. ஆனாலும் நாளைக்குச் சீலை இல்லை. ரோல்ஸ் இல்லை. தட்டத்தை அம்மா எவ்வளவு கேட்டாலும் கொடுக்கமாட்டேன். இந்தக் கதிரை இருந்த இடத்திலேயே இருக்கும், சட்டியும் அப்படித்தான். நீங்கள் இருந்தால் கோபப்படுவீர்கள். கோபப்படுங்கோ. எனக்கும் உங்கள் மேல் கோபம்தான். இரண்டு வருடத்துக்கு முதல் யாராவது ஒருவர் காலையில் வந்து உதவியிருந்தால், நீங்கள் அந்த பஸ் தரிப்பிடத்தில் விழாமல் நின்றிருப்பீர்களோ என்னவோ. ஒரு நாளாவது தூங்கியிருப்பீர்கள்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். அம்மாவை எழுப்பும் விதம் உங்களிடமிருந்துதான் எனக்கு வந்தது. நீங்கள் சொல்லித் தரவில்லை, கதவிடுக்கால் பார்த்தேன். உங்கள் பாதத்தை அம்மாவின் பாதத்துக்கு முன்னால் வைத்து, வழுக்காமல் தடுப்பீர்கள். இரண்டு கையையும் அவர் கக்கத்துக்குக் கீழே கொடுத்து, நெற்றியை நெற்றியோடு வைத்து, "ஒண்டு... ரெண்டு... வா ராசாத்தி" என்பீர்கள். மூன்று என்று ஒரு நாளும் சொன்னதில்லை. அம்மா சிரித்துக்கொண்டே எழும்பிவிடுவார். கடையில் விற்கும் எந்தக் கருவியும் அப்படி எழுப்பாது.

அதைத்தான் நீங்கள் ஒளித்தீர்கள். ஏழு அடியைக் காட்டினீர்கள், இதைக் காட்டவில்லை. எங்கள் வீட்டில் பெருமைப்பட இருந்த ஒரே விசயத்தை வெட்கம் என்று நினைத்துவிட்டீர்கள்.

நாளைக்கு வருகிறவர் அம்மா எப்படி எழும்புவார் என்று கேட்பார். நான் வாயால் சொல்லப்போவதில்லை. பாதத்தை முன்னால் வைப்பேன். கையைக் கொடுப்பேன். அந்த ஆளுக்கு முன்னால், தமிழில், சத்தமாக எண்ணுவேன். பிறகு அவர் என்னைப் பார்த்து, எல்லாம் இப்படித்தானா, ஒவ்வொரு நாளுமா என்று கேட்டால், இந்த முறையும் "யா" என்றுதான் சொல்வேன்.

அம்மா கூப்பிடுகிறார். திருப்பிப் படுக்கவைக்கும் நேரம்.

ஒண்டு, ரெண்டு. போறன் அப்பா.