கேட்டில் எடுத்த படம்

கோவளம் குப்பம்
8.2.2026

அன்புள்ள அண்ணன் குமரேசனுக்கு,

அம்மா சொல்லச் சொல்ல ஓவியா எழுதுவது. இங்கே இருவரும் நல்லபடியாக இருக்கிறோம், பஹ்ரைன் கடலில் நீயும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று அங்காளம்மனுக்கு விளக்குப் போட்டுவிட்டு வந்து அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். மூன்று வாரமாகப் போன் அணைந்திருந்ததில் பயந்திருப்பாய். நீ படகேறிவிட்டால் எங்களால் உன்னைப் பிடிக்க முடியாது, அதனால் செவ்வாய்க்கிழமை அங்கே வருகிற உதயா அண்ணனிடம் நெத்திலிக் கருவாட்டோடு இதையும் கொடுத்தனுப்புகிறோம்.

நான் ஒன்பதாவதோடு நின்றதிலிருந்து அம்மாவோடு நாவலூர் அப்பார்ட்மெண்டுக்கு மீன் விற்கப் போவது உனக்குத் தெரியும். அங்கே கேட்டில் புதிதாக ஒரு ஆப்பில் எல்லாரையும் படம் எடுத்து நம்பரும் வாங்குகிறார்கள். வாசலில் நின்று கேள்வி கேட்டால் கூடையில் ஐஸ் உருகிவிடும், நாம் எங்கேயும் எதையும் கேட்பதில்லையே, நானும் முகத்தைக் காட்டி நம்பரைச் சொன்னேன். அதை யாரோ எடுத்து, மீன் சுத்தம் செய்து தரும் பெண் என்று எழுதி, குடியிருப்போர் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார்கள். அங்கிருந்து எங்கெங்கோ போய் யார் யாரோ கூப்பிட்டார்கள். ஒருவன் மீனெல்லாம் வேணாம், நீ பேசு போதும் என்றான். போனை அணைத்து அரிசிப் பானைக்குள் வைத்துவிட்டேன். சிம்மைத் தூக்கிப் போடுடி என்றாள் அம்மா. உனக்குத் தெரிந்தது அந்த ஒரு நம்பர்தான் என்பதால் நான் போடவில்லை.

மூன்றாம் மாடி புஷ்பலதா அக்கா ஒரு கம்பெனியில் தகவல் பாதுகாப்புச் சட்ட வேலைதான் பார்க்கிறார். சங்கரா மீன் வாங்க வந்தவரிடம் அம்மா சொல்லி அழ, நம்முடைய தகவலுக்கென்று தனிச் சட்டம் இருக்கிறது, நவம்பரில் விதிகளும் வந்துவிட்டன, பதினெட்டு நிறையாத பிள்ளை என்றால் பெற்றவர் சம்மதம் வேண்டும், படத்தை அழிக்கச் சொல்லிச் சங்கத்துக்கு எழுதிக் கொடுங்கள் என்றார். நானே எழுதினேன், அம்மா கையெழுத்துப் போட்டாள். குடியிருப்போர் சங்கச் செயலாளர் யக்ஞநாராயணன் சார் படித்துவிட்டு, இந்தப் பிரிவெல்லாம் அடுத்த வருஷம் மே மாசந்தாம்மா அமலுக்கு வருது என்றார். அது உண்மைதான் என்று புஷ்பலதா அக்காவும் சொன்னார். அம்மா விடவில்லை. இன்னா சார், ஒன் பொண்ணு படத்த எங்க குப்பத்துல ஒட்டிட்டு சட்டம் அட்த்த வருசம் வருதுன்னா சும்மா இருப்பியா என்றாள். கூட்டம் கூடிவிட்டது. ஆனாலும் கேட்டேன், தப்புன்னு தெரிஞ்சப்புறமும் மே மாசம் வரைக்கும் வெச்சிருப்பீங்களா சார் என்று. அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். பிறகு எங்கள் எதிரிலேயே ஆப்பிலிருந்தும் குழுவிலிருந்தும் அழிக்க வைத்தார். இப்போது கேட்டில் நோட்டில் பேர் மட்டும் எழுதிவிட்டு உள்ளே போகிறோம்.

போனைப் பானையிலிருந்து எடுத்து மறுபடி போட்டுவிட்டேன். வெளியே போனது போனதுதான், இன்னும் இரண்டு பேர் கூப்பிடுகிறார்கள். அவர்கள் நம்பர் வந்தால் அம்மா எடுக்கிறாள், அவள் பேசுவதை இங்கே எழுத முடியாது. நீயும் அங்கே கேட்கிற பேப்பரில் எல்லாம் கைரேகை வைக்காதே, எதற்கு என்று கேட்டுவிட்டு வை என்று அம்மா சொல்லச் சொன்னாள். வெயிலில் தலைக்குத் துண்டு கட்டிக்கொள். கடலம்மா உன்னைப் பத்திரமாகக் கரை சேர்ப்பாள், அம்மாவின் ஆசி உன்னோடு இருக்கிறது. கரைக்கு வந்ததும் பழைய நம்பருக்கே கூப்பிடு, நான் எடுப்பேன்.

இப்படிக்கு,
உன் அம்மா செல்வம்மாள்
எழுதியது தங்கை ஓவியா