பதினாறாம் பாய்

மிட்செல், நெப்ராஸ்கா
27 மே 2019

அன்புள்ள நோரீன் அண்ணிக்கு,

நலம். நீங்களும் நலம் என்று எழுத ஆசைதான். இருக்க மாட்டீர்கள் என்று தெரியும். ஆகஸ்ட் விசாரணை முடியும்வரை நாம் இருவரும் பேசிக்கொள்ளக் கூடாது என்று மாநிலக் குழு சொல்லியிருக்கிறது. எழுதக் கூடாது என்று சொல்லவில்லை. அதனால் எழுதுகிறேன்.

இன்று எம்மெட் அண்ணன் கல்லறைக்குப் போய்ப் பூ வைத்துவிட்டு வந்தேன். நீங்கள் எனக்கு முன்பே வந்து போயிருக்கிறீர்கள் போல. கல் ஈரமாக இருந்தது.

நம் துப்பாக்கிப் பயிற்சி முகாமில் குண்டு பட்ட வர்ஜிலை மருத்துவமனையில் பார்த்தேன். கணுக்காலிலிருந்து குண்டுச் சில்லை எடுத்துவிட்டார்கள். இரண்டு திருகாணி போட்டிருக்கிறார்கள். "என் நாய்க்கு மூணு கால், எனக்கு ஒண்ணரை. இனிமே யாரு யார இழுத்துட்டுப் போறதுன்னு சீட்டுப் போட்டுப் பாக்கணும்" என்று சிரிக்கிறான். நல்ல மனிதன்.

என் அறிக்கையை அனுப்பிவிட்டேன். உங்களிடம் மறைக்க எதுவுமில்லை. ஒன்பது முதல் பதினாறு வரை, படுத்துச் சுடும் அந்த எட்டுப் பாய்களும் உங்கள் பொறுப்பு. எல்லாத் துப்பாக்கியிலும் தோட்டா அறை காலி என்று காட்டும் மஞ்சள் வால் செருகியிருக்கிறதா என்று குனிந்து பார்த்துவிட்டு நீங்கள் கட்டைவிரலை உயர்த்தினீர்கள். அதைப் பார்த்த பிறகுதான் "வரிசை பத்திரம், இலக்குக்குப் போகலாம்" என்று குரல் கொடுத்தேன். பயிற்சிக்கு வந்த கெண்ட்ராவின் ரைஃபிளில் ஒரு தோட்டா தங்கியிருந்தது உங்கள் கண்ணுக்குத் தப்பிவிட்டது. மழை ஈரம், களைப்பு என்பதையும் சேர்த்தே எழுதியிருக்கிறேன். பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். பயிற்சியாளருக்கான பச்சைத் தொப்பியை உங்களிடமிருந்து வாங்கிக்கொண்டது தற்காலிகமாகத்தான் இருக்கும்.

வேளைக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள் கொழுந்தன்,
லீலண்ட்


அலையன்ஸ்
6 ஜூன் 2019

அன்புள்ள லீலண்டுக்கு,

கடிதம் வந்தது. வரிகள் ஒன்றின் தலையில் ஒன்று ஏறிக்கொண்டிருந்தன. வண்டியில் உட்கார்ந்து எழுதினாயா?

நான் கட்டைவிரலை உயர்த்தவில்லை, லீலண்ட்.

பதினைந்து வரை பார்த்துவிட்டேன். பதினாறாம் பாயில் கெண்ட்ராவின் துப்பாக்கியில் தோட்டாவை வெளியே இழுக்கும் போல்ட் சிக்கிக்கொண்டது. அவள் பக்கத்தில் மண்டியிட்டேன். ஒரு கை அவள் தோளில், ஒரு கை பாயில். "இழுக்காதம்மா, விடு, கைய எடு" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதுதான் ஒலிபெருக்கியில் உன் குரல் வந்தது. "நில்லுங்க" என்று கத்தினேன். எல்லோருக்கும் காதை மூடிய கவசம், யாருக்கும் கேட்கவில்லை. வரிசையில் மற்றவர்கள் இலக்கை நோக்கி இருபது அடி நடந்துவிட்டார்கள். கெண்ட்ரா பதறிப்போய் மறுபடி இழுத்தாள். வெடித்தது. குண்டு தரையில் கல்லில் பட்டுத் திரும்பி வர்ஜிலைத் தேடிப் பிடித்தது.

அன்றிலிருந்து எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அழுகை வரவில்லை, தூக்கம் வருகிறது, பசி வருகிறது. எம்மெட் போனபோதும் இப்படித்தான் இருந்தேன். உருளைக்கிழங்கு சாலட் கிண்டிக்கொண்டிருந்தேன், எல்லோரும் என்னைத் தைரியசாலி என்றார்கள். அப்புறம் நீ என்னை மைதானத்துக்கு இழுத்துக்கொண்டு போனாய். பதினோரு வருடம். சனி ஞாயிறு என்று ஒன்று இருந்ததால்தான் மற்ற ஐந்து நாள் ஓடின. இப்போதும் சனிக்கிழமை ஐந்து மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. தண்ணீர்க் குடுவையை நிரப்புகிறேன். கொட்டகைக்குள் நிற்கும் காரில் போய் உட்கார்கிறேன். கொஞ்ச நேரம் கழித்து இறங்கி வந்து தண்ணீரைத் தொட்டியில் ஊற்றிவிடுகிறேன்.

அந்தத் தொப்பி எனக்கு வேண்டும். வேறு எதுவும் உன்னிடம் கேட்கவில்லை.

வருகிற ஒவ்வொருவரிடமும் நாம் என்ன கேட்போம்? குண்டு போனதும் எங்கே பட்டது என்று பார்க்க ஸ்கோப்பில் கண்ணை வைக்காதே. விசை அழுந்திய அந்த நொடியில் உன் துப்பாக்கி முனை எங்கே இருந்தது என்று முதலில் வாயால் சொல், பிறகு பார் என்போம். சொன்னதும் ஓட்டை விழுந்த இடமும் ஒன்றாக இருந்தால்தான் அவர்களுக்குச் சுடத் தெரிகிறது என்று அர்த்தம். பொய் சொல்கிறவர்களை நீ எவ்வளவு கிண்டல் செய்வாய்!

அதையேதான் கேட்கிறேன். அறிக்கையைப் பார்க்காமல் சொல். அந்த நொடியில் நீ என்ன பார்த்தாய்?

உன் அண்ணி,
நோரீன்


மிட்செல்
25 ஜூன் 2019

அன்புள்ள அண்ணிக்கு,

புதுப் பேனா, அதுதான் எழுத்து அப்படி. மை வழிகிறது.

இங்கே ஆலங்கட்டி மழை. பீட்ரூட் வயலெல்லாம் சல்லடை. நம் மைதானம் தப்பித்தது. இந்த வார முகாமுக்குப் பத்தொன்பது பேர். உங்கள் எட்டுப் பாய்களையும் இரண்டு பேருக்குப் பிரித்துக் கொடுத்தேன். உங்களைப் போலக் குனிந்து பார்க்க ஆள் இல்லை. ஓய்வுபெற்ற தம்பதி ஒன்று வந்திருந்தது. புருஷன் மேகசினில் இருந்த தோட்டா முழுவதையும் பெண்டாட்டியின் இலக்கு அட்டையில் சுட்டுவிட்டார். "என் அட்டைய ஏன்யா பொத்தல் போட்ட?" என்று அந்தம்மாள் கத்த, "நாப்பது வருஷமா உன் பக்கமாவே திரும்பிப் படுத்துப் பழகிட்டேன், நான் என்ன செய்ய?" என்றார் மனிதர். வரிசையே சிரித்தது. நீங்கள் இருந்திருக்க வேண்டும்.

கேட்டதற்குப் பதில்: கட்டைவிரலைப் பார்த்தேன். பதினோரு வருடப் பழக்கம், அண்ணி. நீங்கள் அறியாமலே கை உயர்ந்திருக்கலாம். குழப்பத்தில் நினைவில்லாமல் போயிருக்கலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

உங்கள் லீலண்ட்


அலையன்ஸ்
9 ஜூலை 2019

அன்புள்ள லீலண்டுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டுச் சமையலறைத் தரையில் மண்டியிட்டுப் பார்த்தேன். ஒரு கையை நாற்காலியின் மேலும் ஒரு கையைத் தரையிலும் வைத்துக்கொண்டு, என்னை அறியாமல் கட்டைவிரல் உயர்கிறதா என்று காத்திருந்தேன். அறுபத்து மூன்று வயதில் ஒரு பெண் செய்கிற வேலையா இது? பத்து நாள் உன்னை நம்பினேன். என்னைச் சந்தேகப்பட்டேன். அதை உன்னிடம் சொல்லத்தான் வேண்டும்.

நேற்று முட்டைக்கோசும் மாட்டிறைச்சியும் அடைத்த ரொட்டி சுட்டு எடுத்துக்கொண்டு வர்ஜில் வீட்டுக்குப் போனேன். நாலு ரொட்டி தின்றான். நாயும் ஒன்று தின்றது. "அக்கா, யார் மேல தப்புன்னு எனக்கு வேணாம். காலு கால்தான்" என்றான். அப்புறம் ரொட்டியை வைத்துவிட்டு, "ஆனா ஒண்ணு சொல்லணும். லீலண்ட் அன்னிக்கு ஆஸ்பத்திரிக்கு வந்தான்ல, பூங்கொத்த பக்கத்துக் கட்டில் கிழவன் கையில குடுத்துட்டு, 'வர்ஜில், எப்படிடா இருக்க'ன்னு அவன்கிட்டயே பேசறான். பாவம், அந்தக் கிழவனும் 'பரவால்ல'ன்னான். நான் இந்தப் பக்கமிருந்து கூப்பிட்ட பிறகுதான் திரும்பினான். நான் விளையாட்டுன்னு நெனச்சேன்" என்றான்.

வரும் வழியெல்லாம் யோசித்தேன். ஏப்ரல் முகாமில் பெயர்ப் பட்டியலை என்னை வாசிக்கச் சொன்னாய். கண்ணாடியை வீட்டில் விட்டுவிட்டேன் என்றாய். கண்ணாடி உன் மூக்கின் மேல் இருந்தது. ஏறிக்கொண்டு போகும் உன் வரிகளும் நினைவுக்கு வந்தன.

நீ நடுவில் நிற்பாய். அங்கிருந்து பதினாறாம் பாய் முப்பது தப்படி. லீலண்ட், அது உனக்குத் தெரிகிறதா?

நோரீன் அண்ணி


மிட்செல்
30 ஜூலை 2019

அண்ணிக்கு,

தயவுசெய்து கண்ணைப் பற்றி யாரிடமும் சொல்ல வேண்டாம்.

பிப்ரவரியிலிருந்து இப்படி. ஓரமெல்லாம் நன்றாகத் தெரிகிறது. நடு மட்டும் இல்லை. அட்டையைப் பார்த்தால் அட்டை இருக்கிறது, கறுப்பு வட்டம் இல்லை. ஆளைப் பார்த்தால் தொப்பி இருக்கிறது, முகம் இல்லை. சரியாகாது என்றார் மருத்துவர்.

உங்கள் தொப்பி இன்று போனாலும் ஒரு வருடத்தில் திரும்பி வரும். என் தொப்பி போனால் போனதுதான். ஓட்டுநர் உரிமமும் போகும். மார்சி என்னை விவாகரத்து செய்துவிட்டுப் போன பிறகு, அண்ணனும் போன பிறகு, எனக்கு என்ன மிச்சம் சொல்லுங்கள். நீங்கள் தாங்குவீர்கள். நீங்கள் எப்போதும் தாங்கியிருக்கிறீர்கள்.

பத்தாம் தேதி விசாரணையில் பார்ப்போம்.

லீலண்ட்


மிட்செல்
12 ஆகஸ்ட் 2019

அண்ணி,

ஏன் சொல்லவில்லை?

"கட்டைவிரலை உயர்த்தினீர்களா?" என்று கேட்டார்கள். "இல்லை" என்றீர்கள். "பார்த்தீர்களா?" என்று என்னைக் கேட்டார்கள். "பார்த்தேன்" என்றேன். அப்போதாவது என் கண்ணைப் பற்றிச் சொல்வீர்கள் என்று காத்திருந்தேன். நீங்கள் மடியில் கை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தீர்கள். நிரந்தர நீக்கம் என்று தலைவர் வாசித்தபோதும் அப்படியே. என்னை ஒரு தடவையாவது பார்த்தீர்களா என்று எனக்குத் தெரியாது. உங்கள் முகம் இருக்கும் இடம் எனக்குத் தெரிவதில்லை.

நிரந்தரம் என்பார்கள் என்று நான் நினைக்கவில்லை. சத்தியமாக நினைக்கவில்லை.

இரண்டு வரியாவது எழுதுங்கள். திட்டியாவது எழுதுங்கள்.

லீலண்ட்


மிட்செல்
24 செப்டம்பர் 2019

அன்புள்ள அண்ணிக்கு,

ஆறு வாரமாகத் தபால்பெட்டியைத் தடவித் தடவிப் பார்த்தாயிற்று. நீங்கள் எழுத மாட்டீர்கள். நான் எழுதுகிறேன். தடித்த மார்க்கர் பேனா. ஒரு தாளுக்கு ஆறேழு வரிதான் பிடிக்கிறது.

கேட்டீர்கள் இல்லையா, பார்க்காமல் சொல் என்று. சொல்கிறேன்.

நான் உங்கள் கட்டைவிரலைப் பார்க்கவில்லை. யாருடைய கட்டைவிரலையும் பிப்ரவரியிலிருந்து பார்க்கவில்லை. எட்டு ரைஃபிளைக் குனிந்து பார்க்க எவ்வளவு நேரம் ஆகும் என்று எனக்கு மனப்பாடம். மனதுக்குள் இருபது எண்ணுவேன், "வரிசை பத்திரம்" என்பேன். ஒவ்வொரு தடவையும் சரியாக இருந்தது. நீங்கள் எல்லோரும் அவ்வளவு ஒழுங்காக வேலை செய்தீர்கள். அந்த ஞாயிற்றுக்கிழமையும் இருபது எண்ணினேன். உங்களுக்கு இன்னும் பத்து வேண்டியிருந்தது.

போன சனிக்கிழமை முகாமில் எண்ணினேன். இருபது வந்தது. வாய் திறக்கவில்லை. முப்பது, நாற்பது என்று எண்ணிக்கொண்டே நின்றேன். "லீலண்ட், என்னய்யா, எல்லாம் ரெடி, வாயில கொழுக்கட்டையா?" என்று யாரோ கேட்டார்கள். ஒலிபெருக்கியையும் தொப்பியையும் அவர் கையில் கொடுத்தேன். "எனக்குத் தெரியல. எதுவுமே தெரியல. மே மாசமும் தெரியல" என்றேன். யாரோ என்னை வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள்.

குழுவுக்கு எழுதிவிட்டேன். நகல் இதனுடன் இருக்கிறது. உரிமத்தையும் ஒப்படைத்துவிட்டேன். கண்ணுக்கு ஊசி போட ஷையன் நகருக்குப் போக வேண்டுமாம், நான்கு வாரத்துக்கு ஒரு வியாழன். இருப்பது மேலும் போகாமல் தடுக்கத்தானாம். முதல் ஊசி அக்டோபர் 24. யாரையாவது கேட்டுப் போய்க்கொள்வேன்.

நான் சொல்லிவிட்டேன், அண்ணி. இனி நீங்கள் பார்க்கலாம்.

லீலண்ட்


அலையன்ஸ்
21 அக்டோபர் 2019

லீலண்டுக்கு,

நீ படிக்க வேண்டும் என்பதால் நானும் மார்க்கரில் எழுதுகிறேன். நீளமாக எழுத முடியாது.

தொப்பி பெட்டியில் வந்தது. கூடவே வருத்தம் தெரிவித்து ஒரு கடிதமும் குழுவினர் வைத்திருந்தார்கள். சனிக்கிழமை ஐந்து மணிக்கு எழுந்தேன், குடுவையை நிரப்பினேன், இந்தத் தடவை காரைக் கொட்டகையிலிருந்து எடுத்தேன். ஒன்பது முதல் பதினாறு வரை எனக்கே கொடுத்தார்கள். வர்ஜில் கைத்தடியோடு வந்து, "அக்கா வந்தாச்சு, இனி என் இன்னொரு காலுக்குப் பயமில்ல" என்று சத்தம் போட்டான். எல்லோரும் கை தட்டினார்கள்.

எட்டுப் பாயும் குனிந்து பார்த்தேன். பதினாறில் மஞ்சள் வால் சரியாக இருந்தது. தொட்டும் பார்த்தேன். கட்டைவிரலை உயர்த்தினேன். குரல் வந்தது. எல்லோரும் இலக்குக்கு நடந்தார்கள்.

ஒன்றும் தோன்றவில்லை, லீலண்ட். தொப்பி வந்தால் கூடவே ஏதோ வரும் என்று ஐந்து மாதம் நினைத்திருந்தேன். சாப்பாட்டு வேளைவரை காத்திருந்து பார்த்தேன். உன் மேல் கோபமாவது வந்தால் நன்றாக இருக்கும். அதுவும் வரவில்லை. தொப்பியைத் திரும்பப் பெட்டிக்குள் வைத்துவிட்டேன்.

விசாரணையில் ஏன் சொல்லவில்லை என்று கேட்டாய். அது நீ சொல்ல வேண்டியது. அவ்வளவுதான்.

நான் முப்பத்தொரு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். ஏறுகிறவர் எப்படிப்பட்டவர் என்று பார்த்து வண்டி எடுத்ததில்லை. வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு வாசலில் நில். முகம் தெரியாது என்பதால் இரண்டு தடவை ஹாரன் அடிக்கிறேன். ஊசி போடும் எல்லா வியாழனும் வருவேன். குளிருக்குக் கனமான கோட் போட்டுக்கொள்.

வண்டியில் பேச வேண்டாம்.

நோரீன்