மரப்பிள்ளைக்குத் தைத்த சட்டை

நீ கண்மூடிய பிறகு இன்றுதான் உன் அலமாரியைத் திறந்தேன். சேலைகளுக்கு அடியில் ஒரு சாண் நீளத்தில் ஒரு சட்டை இருந்தது. தேங்காய் எண்ணெய் மணத்தது. நம் மகள் போட்டதல்ல. அந்த மரப்பிள்ளைக்கு நீ தைத்தது.

முந்திரிக் கம்பெனி வேலையாக நைஜீரியாவில் இருந்தபோது, சந்தையில் பார்த்து வாங்கி வந்த உருவம் அது. அங்குள்ள யோருபா மக்கள், இரட்டைப் பிள்ளைகளில் ஒன்று இறந்தால் அதற்கு ஓர் உருவம் செதுக்குவார்கள். இறந்த பிள்ளையின் உயிர் அதில் தங்கும் என்று நம்பி, தாய் அதைக் குளிப்பாட்டி, சோறூட்டி, உடுத்தி வளர்ப்பாள். இதையெல்லாம் உன்னிடம் வேடிக்கைக் கதையாகச் சொன்னேன். நமக்குப் பிறந்ததும் இரட்டைதான். பையன் அதற்கு முந்தின வருடம், பிறந்த எட்டாம் நாளே போய்விட்டான். "அவ பாத்தா தாங்கமாட்டா. ஒண்ணு இருக்குல்லா, போதும்" என்று என் அக்கா சொன்னதைக் கேட்டு, ஆஸ்பத்திரியில் கிடந்த உனக்குக் காட்டாமலே அவனை அடக்கம் செய்துவிட்டு வந்தவன் நான். நான் போய் உன்னிடம் அந்தக் கதையைச் சொன்னேன் பார், அவ்வளவுதான் என் புத்தி.

நீ அதன் மழுங்கிய மூக்கைத் தடவினாய். "கழுவிக் கழுவித் தேஞ்சிருக்கு, பாத்தியளா? எவ பெத்த பிள்ளையோ" என்றாய். மறுநாளிலிருந்து அதற்கு எண்ணெய் தேய்த்தாய். மகளுக்கு ஊட்டும்போது அதன் வாயிலும் ஒரு பருக்கை வைத்தாய்.

அக்கா வந்து பார்த்துவிட்டாள். "ஜெபம் சொல்லுத வீட்டுல சாத்தானக் குளிப்பாட்டுதா. நீயும் பாத்துட்டு இருக்கியா?" என்றாள். மாதா கோவிலில் நாலுபேர் என்ன பேசுவார்களோ என்று பயந்தேன். ஒருவரும் ஒன்றும் பேசியிருக்கவில்லை. நீ ஆற்றுக்குத் துவைக்கப் போன நேரம் பார்த்து, ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைப்புரையின் அடுப்பில் அதை வைத்து எரித்தேன்.

வந்து தேடினாய். எரித்துவிட்டேன், மரப்பாச்சிதானே என்றேன். நீ சத்தம் போடவில்லை.

"அப்பவும் எனக்குக் காட்டாமத்தான் கொண்டு போனிய. இப்பவுமா?"

பிறகு இத்தனை வருடம் ஒரே வீட்டில் இருந்தோம். பையனைப் பற்றி ஒரு வார்த்தை நீ என்னிடம் பேசவில்லை. ஆறிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைப்பது எனக்கு வசதியாக இருந்தது.

ஆனால் அந்தக் காலத்து எண்ணெய் இன்றைக்கு இப்படி மணக்காது. கடைசி வரை இந்த வெறும் சட்டையை எடுத்து, எண்ணெய்க் கையால் தடவி, மடித்து வைத்திருக்கிறாய். எனக்குக் காட்டாமல். காட்டாமல் செய்ய உனக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான்தான்.

சட்டையை இப்போது நான் வைத்திருக்கிறேன். காலையில் விரலில் எண்ணெய் தொட்டு, நீ செய்ததுபோல் தடவிப் பார்த்தேன். என் கைக்குத் துணிதான் அகப்பட்டது.