குமகாய் வீட்டில் சொன்ன பெயர்

ஜூன் 3
மழை. என் மனைவி சயோரி போய் இன்று நாற்பத்தொன்பதாம் நாள். இந்தப் புத்தர் கோவிலில் சடங்கு செய்யும் பூசாரியும் நானே, அழவேண்டிய கணவனும் நானே. அழ நேரம் கிடைக்கவில்லை.

ஜூன் 5
"பொண்ணோட கோவிலையும் சீதனமா வாங்கினவன்" என்று அப்போது ஊர் பேசியது சரிதான். லிஃப்ட் ரிப்பேர் செய்துகொண்டிருந்தவன் நான். கோவில் வீட்டு ஒரே பெண்ணைக் கட்டவேண்டுமென்றால் மொட்டையடித்து, மலை மடத்தில் இரண்டு குளிர்காலம் பயின்று, மாமனாரின் குடும்பப் பெயரையும் ஏற்கவேண்டும். செய்தேன். புத்தருக்காகச் செய்தேன் என்று சொன்னால் பொய். அவளுக்காக. பதினெட்டு வருஷம். இனி எதற்கு?

ஜூன் 19
கோவிலைச் சேர்ந்த குடும்பங்களுக்குத் தலைவர் ஒனோதெரா. அவரிடம், அக்டோபரோடு விலகுகிறேன் என்றேன். "உங்க அத்தை?" என்று மட்டும் கேட்டார். பூசாரி போனால் அவர் குடும்பமும் கோவில் வீட்டைக் காலி செய்யவேண்டும். சயோரியின் அம்மா இங்கே வாழவந்து ஐம்பது வருஷம்.

ஜூன் 20
அத்தையே பேச்செடுத்தார். "எனக்காக இருக்காதீங்க மாப்ள. அகிதாவுல தங்கச்சி கூப்பிட்டுக்கிட்டே இருக்கா."
மிச்சமிருந்த காரணமும் போயிற்று. நிம்மதி வரவில்லை.

ஆகஸ்ட் 14
முன்னோர்கள் வீடு திரும்பும் நாட்கள். வீடு வீடாகப் போய், இறந்தவருக்குப் பூசாரி சூட்டிய புதுப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு ஓதவேண்டும்.

பன்னிரண்டாவது வீடு, குமகாய் அம்மாவுடையது. அவர் கணவர் இறந்தபோது நான் சூட்டிய பெயரைச் சொல்லவேண்டிய இடத்தில், சயோரிக்குச் சூட்டிய பெயரைச் சொல்லிவிட்டேன். பிறத்தியார் வீட்டுப் புத்த மாடத்தில் என் பெண்டாட்டியைக் கூப்பிட்டிருக்கேன்! இதுக்கு மேல ஒரு பூசாரி என்ன தப்பு செய்யமுடியும்?

நெற்றி தரையில் பட மன்னிப்புக் கேட்டேன். அவர் எழுந்து உள்ளே போனார். கோபம் என்று நினைத்தேன். இன்னொரு கிண்ணம் சோற்றோடு வந்து மாடத்தில் வைத்தார்.

"கூப்டாச்சு, வந்திருப்பா. பட்டினியாவா அனுப்புறது? எங்க வீட்டுக்காரரும் பேச்சுத்துணை இல்லாமத்தான் கெடக்காரு. மொதல்லேர்ந்து சொல்லுங்க சாமி, ரெண்டு பேருக்கும்."

ஓதினேன். பாதியில் வாய்விட்டு அழுதுவிட்டேன். விட்ட இடத்திலிருந்து அவர் ஓதினார், மனப்பாடமாக. பதினெட்டு வருஷமாக என் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து கேட்டவர்.

நான்தான் இவங்களுக்குச் செய்யறேன்னு நெனச்சிருந்தேனே?

ஆகஸ்ட் 16
மீதி வீடுகளும் முடிந்தன. நாக்குப் பிசகவில்லை.

அக்டோபர் 2
அத்தையை ரயிலேற்றிவிட்டு வந்தேன். வீடு பெரிதாகிவிட்டது.

அக்டோபர் 27
காலையில் ஒனோதெரா காகிதங்களோடு வந்தார். பக்கத்து ஊர்ப் பூசாரி நம் கோவிலையும் பார்த்துக்கொள்வாராம். என் கையெழுத்துதான் பாக்கி. பேனாவைத் திறக்கும்போது போன். குமகாய் அம்மாவின் மகன். அம்மா விடியற்காலையில் போய்விட்டாராம்.

"நீங்கதான் பேரு வைக்கணும்னு சொல்லிட்டுப் போனாங்க."

அங்கியை எடுத்துப் போட்டுக்கொண்டேன். "அப்ப இந்தக் காகிதம்?" என்றார் ஒனோதெரா.

"பேரு வச்சவன்தானே வருஷச் சடங்கும் செய்யணும்."

"மொத வருஷத்தோட முடியுதா? முப்பத்திமூணாம் வருஷம் வரைக்கும் இருக்கு, சாமி. அப்போ உங்களுக்கு எம்பத்தஞ்சு."

"தெரியும்" என்றேன்.