இருபத்திரண்டு பேரும் இறங்கிய பிறகு

அன்புள்ள சித்திக்கு,

இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டாதீர்கள். உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன். சித்தப்பாவிடம்கூட வேண்டாம். அவர் நல்லவர்தான், ஆனால் அவர் வாயில் எதுவும் தங்காது. அத்தைக்குப் போன் போட்டுவிடுவார். அத்தை அடுத்த பஸ்ஸைப் பிடித்து வந்து தம்பியைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார். அம்மா போன அன்றே 'சின்னவனை நான் வளர்த்துக்கிறேன்' என்று அப்பாவிடம் கேட்டவர்தானே அவர்.

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். 'நாங்க எல்லாரும் நல்லா இருக்கோம், லீவுக்கு நீங்க வர வேண்டாம், நாங்க வெளியூர் போறோம்' என்று அப்பாவின் போனிலிருந்து உங்களுக்குச் செய்தி அனுப்பியது நான்தான். நாங்கள் எங்கேயும் போகவில்லை. அப்பா உங்கள் செய்திகளைத் திறப்பதே இல்லை. என்ன பதில் போடட்டும் என்று கேட்டால் 'எதையாவது போடு' என்பார். மூன்று மாதமாக எல்லோருக்கும் நான்தான் பதில் போடுகிறேன். அவர் மாதிரியே புள்ளி வைக்காமல், கடைசியில் ஒரு கும்பிடு படம் போட்டு அனுப்பப் பழகிவிட்டேன். வீடு பழையபடி இருக்கிறது என்று எழுதினால் நிஜமாகவே அப்படி ஆகிவிடும் என்று நினைத்தேன். நீங்கள் நம்பிவிட்டீர்கள். எல்லோரும் நம்பிவிட்டார்கள். இப்போது அதுதான் பயமாக இருக்கிறது.

பள்ளி நடந்தவரை சமாளித்துவிட்டோம். காலையில் அப்பா பள்ளி வேனை எடுப்பார், பிள்ளைகள் ஏறுவார்கள், சத்தமாக இருக்கும். அம்மா இருந்த இடத்தில் நான் நின்று கதவைத் திறந்துவிடுவேன். விடுமுறை விட்டதும் தெருவே காலியாகிவிட்டது. மாடி வீட்டில் பூட்டு தொங்குகிறது. எதிர்வீட்டுக்காரர்கள் கடற்கரைக்குப் போய்விட்டார்கள். அப்பா பகலெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். போட்டு வைத்த டீ ஆடை கட்டிப்போய் அப்படியே இருக்கும். ராத்திரி தூங்குவதில்லை. ஆனால் சாயங்காலம் நாலு மணி ஆனதும் சட்டையை மாற்றிக்கொண்டு வேனை எடுக்கிறார். ஏற்றுவதற்குப் பிள்ளைகளே இல்லாத விடுமுறையில்.

அது ஏன் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். அதற்கு அம்மா போன அந்த நாளைப் பற்றி உங்களுக்குத் தெரியாததைச் சொல்ல வேண்டும். யாரிடமும் சொல்லக் கூடாது என்று அப்பா என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார்.

அன்றைக்கு நானும் வேனில் இருந்தேன். பெட்ரோல் பங்க் நிறுத்தத்தில் இரண்டு பிள்ளைகளை இறக்கிவிட்டு ஏறும்போது, தோள் வலிக்கிறது என்று அம்மா சொன்னாள். முகமெல்லாம் வியர்த்திருந்தது. அப்பா உடனே ஓரம் கட்டி, 'நேரா ஆஸ்பத்திரிக்கு விடறேன்' என்றார். அம்மாதான் கேட்கவில்லை. 'பிள்ளைங்களை வச்சுக்கிட்டா? வாசல்ல பெத்தவங்க காத்துக்கிட்டு நிப்பாங்க. எல்லாரையும் இறக்கிட்டுப் போலாம். காலைல சரியா சாப்பிடல, அதான்' என்றாள். அப்பா மறுபடி கேட்டார். 'நீங்க ரோட்டைப் பாருங்க சாமி, என்னை அப்புறம் பாக்கலாம்' என்று சிரித்தாள்.

வேனில் ஒரு வழக்கம் உண்டு, உங்களுக்குத் தெரியும். ஒவ்வொரு பிள்ளை இறங்கும்போதும் அம்மா நோட்டில் கோடு போட்டு எண்ணிக்கையைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். அதைக் கேட்டால்தான் அப்பா வண்டியை நகர்த்துவார். அன்று நோட்டை என் கையில் கொடுத்து 'இன்னைக்கு நீ எண்ணுடி' என்றாள். நான் அவளை மாதிரியே கத்தினேன். 'என் வேலைக்கே வேட்டு வைக்கிறா பாருங்க' என்று அப்பாவிடம் சொன்னாள். அவள் பேசியதில் அதுதான் கடைசி. இருபத்திரண்டாவதாக, கடைசி நிறுத்தத்தில் ஒரு வாயாடிப் பையன் இறங்கினான். நான் 'இருபத்திரெண்டு, ரைட்' என்றேன். அம்மா ஜன்னலில் தலை சாய்த்திருந்தாள். தூங்குகிறாள் என்று நினைத்தேன்.

மறுநாள் நீங்கள் வந்து வாசலில் எல்லோர் முன்னாலும் அப்பாவைக் கேட்டீர்கள். 'அரை மணி நேரம் முன்னாடி கொண்டு போயிருந்தா எங்க அக்கா பொழைச்சிருப்பா. உங்களுக்கு டிரிப்புதான் பெரிசாப் போச்சா?' என்று. அப்பா வாயே திறக்கவில்லை. அம்மா சொல்லித்தான் போனோம் என்று ஏன் சொல்லவில்லை என்று நான் பிறகு கேட்டேன். 'செத்தவ மேல பழியைப் போட்டுட்டு நான் தப்பிக்கணுமா? நீயும் சொல்லாதே' என்றார். உங்களைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை சித்தி. உங்கள் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் கேட்டிருப்பேன்.

ஆனால் அப்பாவுக்கு அந்த அரை மணி நேரம் உள்ளே போய் உட்கார்ந்துவிட்டது. தினமும் நாலு இருபதுக்குப் பெட்ரோல் பங்க் முன்னால் போய் நிற்கிறார். அங்கிருந்து ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் ஓட்டுகிறார். எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்க்கிறார். நான் கோடு போட்ட அதே நோட்டின் அடுத்த பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறார். முதல் நாள் பதினாலு நிமிடம். அப்புறம் பன்னிரண்டு. பதினொன்று. நேற்று ஒன்பது. அந்த ரோடு உங்களுக்குத் தெரியும், இரண்டு சிக்னல் இருக்கிறது. நிற்காமல் போனால்தான் ஒன்பது வரும்.

தம்பியையும் கூட்டிக்கொண்டு போகிறார். அவன் அம்மாவின் சீட்டில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பிடித்துக்கொள்கிறான். அவனுக்கு ஏழு வயது, இதை விளையாட்டு என்று நினைக்கிறான். நேற்று வீட்டுக்குள் ஓடி வந்து, 'அக்கா, இன்னைக்கு ஒம்பதுதான்! அப்பா சைக்கிள் தாத்தாவை இடிக்கப் பாத்தாரு, ஜஸ்ட் மிஸ்!' என்றான். நான் வெளியே போய்ப் பார்த்தேன். இடது பக்கக் கண்ணாடியைக் காணோம். கதவில் முழ நீளத்துக்குக் கீறல். எங்கே இடித்தது என்று கேட்டேன். 'எங்கேயும் இடிக்கல' என்றார் அப்பா. அவருக்கு நிஜமாகவே தெரியவில்லை என்று நினைக்கிறேன்.

ராத்திரி தம்பி இன்னொன்றும் சொன்னான். ஒன்பது நிமிடத்தில் போயிருந்தால் அம்மா இருந்திருப்பாங்களா என்று வேனில் அப்பாவிடம் கேட்டானாம். 'நாளைக்கு எட்டுல போய்ப் பாக்கலாம்' என்றாராம் அப்பா.

அதனால் இன்று காலை சாவியை ஒளித்துவிட்டேன். அம்மாவின் கைப்பைக்குள் வைத்திருக்கிறேன். அந்தப் பையை மட்டும் அவர் தொடமாட்டார். வீட்டில் வேறு சாவி கிடையாது. நாலு மணி ஆனதும் தேட ஆரம்பித்தார். அலமாரியைக் கொட்டினார், மெத்தையைப் புரட்டினார், அரிசி டப்பாவுக்குள் கைவிட்டுத் துழாவினார். என்னிடம் ஒரே ஒரு முறைதான் கேட்டார். பார்க்கவில்லை என்று கண்ணைப் பார்த்தே சொன்னேன். பொய் சொல்ல நன்றாகப் பழகிவிட்டது சித்தி. பூட்டுக் கடை விடுமுறைக்காக மூடியிருக்கிறது. திங்கட்கிழமை திறந்ததும் ஆளைக் கூட்டி வந்து புதுச்சாவி போடப் போகிறாராம். அதற்கடுத்த திங்கட்கிழமை பள்ளி திறக்கிறது. அந்த இருபத்திரண்டு பேரும் ஏறுவார்கள்.

போன் செய்யலாமே என்று கேட்பீர்கள். அப்பாவின் போன் ராத்திரி பகலாக அவர் சட்டைப் பையில்தான் இருக்கிறது. அம்மாவின் குரல் அதில் இருக்கிறது, அதைப் போட்டுப் போட்டுக் கேட்கிறார். பதில் போடும்போது மட்டும்தான் என்னிடம் தருவார், பக்கத்திலேயே நிற்பார். கடைசி வீட்டு அக்கா ஊரில்தான் இருக்கிறார், ஆனால் அவர் மகளும் நம் வேனில்தான் வருகிறாள். அவர் காதில் விழுந்தால் எல்லா வீட்டுக்கும் போய்விடும். அப்பாவுக்கு அந்த வேனைத் தவிர வேறு என்ன தெரியும்? சொன்னால் அவருக்கு ஒன்றுமே மிஞ்சாது. சொல்லாமல் இருந்தால் என்ன ஆகும் என்று நினைக்கவே முடியவில்லை.

நாளை விரைவுத் தபாலில் போட்டால் சனிக்கிழமை உங்கள் கைக்கு வந்துவிடும் என்று தபால் நிலையத்தில் சொன்னார்கள். கவரில் உங்கள் முகவரியை எழுதி, தபால்தலையும் ஒட்டிவிட்டேன். அன்று ராத்திரியே பஸ் ஏறினால் ஞாயிற்றுக்கிழமை இங்கே இருக்கலாம். நான் எழுதினேன் என்று சொல்லாதீர்கள். சும்மா பிள்ளைகளைப் பார்க்க வந்தேன் என்று சொல்லுங்கள். அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார், வாசலிலேயே நிற்க வைத்தாலும் வைப்பார். திரும்பிப் போய்விடாதீர்கள். நாங்கள் எத்தனை பேர் சொன்னாலும் ஆகாது. அந்த அரை மணி நேரத்தைச் சொன்னவர் நீங்கள். நீங்கள் வந்து அந்தச் சொல்லைத் திரும்ப வாங்கிக்கொண்டால்தான் அவர் வண்டியை நிறுத்துவார்.

என்மேல் கோபம் இருந்தால் பிறகு திட்டுங்கள். அன்றைக்கு நோட்டையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசிப் பிள்ளை இறங்கும்வரை ஒரு தடவைகூட அம்மா பக்கம் திரும்பவில்லை. எண்ணிக்கை தப்பக் கூடாது என்றுதான்

சித்தி, கூடத்தில் விளக்கு எரிகிறது. எங்கள் அறைக் கதவைத் தட்டுகிறார். தம்பி என் பக்கத்தில் தூங்குகிறான். நான் மூச்சுகூட விடவில்லை, ஆனால் கதவுக்கடியில் என் விளக்கு வெளிச்சம் தெரிந்திருக்கும்.

மறுபடி தட்டுகிறார். 'சாவி வேண்டாம்மா, கதவை மட்டும் திற' என்கிறார். அழுகிற மாதிரி இருக்கிறது. அப்பா அழுது நான் கேட்டதே இல்லை. திறக்கப் போகிறேன். நீங்கள் எப்படியாவது வந்து