அரக்கு நிறத்தில் உன் குறிப்புகள்

இன்று காலை ஆய்வகத்தில் முதலாண்டு மாணவி ஒருத்தி, "எனக்கு இது வராது மிஸ், படிப்ப விட்டுருதேன்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றாள். அவள் திரையில் நம் கணினித் துறையின் விக்கிப் பாடப் பக்கம் திறந்திருந்தது. இங்கே என்னோடு பாடம் நடத்திய நாட்களில் நீ எழுதிய பக்கம். நிரலுக்கு இடையில் நீ எழுதிய தமிழ் விளக்கங்கள் எல்லாம் இருக்கிற இடம் தெரியாமல் வெளிறிப் போயிருந்தன. அவள் அவற்றைப் படிக்கவே இல்லை.

நேற்று நான் பிளக்இன்னைப் புதுப்பித்ததால் வந்த வினை. நிரலுக்கு நிறம் கொடுக்கும் அந்தச் சின்ன இணைப்பை நாம் சேர்த்தது உனக்கு நினைவிருக்கிறதா? அதுவரை பக்கம் முழுக்க ஒரே கறுப்பு. எது கட்டளை, எது விளக்கம் என்று பிரித்துத் தெரியாது. ஏரலிலிருந்தும் திசையன்விளையிலிருந்தும் தமிழ் வழியில் படித்துவிட்டு வரும் பிள்ளைகள் உன் விளக்கங்களைப் பிடித்துக்கொண்டுதான் பாடத்தைத் தாண்டினார்கள். முதன்முதலாகத் திரையில் நிறங்கள் வந்தபோது என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன். உன் முகம் மட்டும் தொங்கிப்போனது.

"ஏட்டி, கம்ப்யூட்டருக்குச் சொல்லுதது எல்லாம் பளபளன்னு இருக்கு. பிள்ளைகளுக்குச் சொல்லுதது மட்டும் சாம்பல் பூத்துக் கெடக்கு. இது நல்லாவா இருக்கு?"

உலகம் முழுக்க அப்படித்தான், அந்த வரிகளைக் கணினி படிக்காது என்று பெரிய மனுஷி போலச் சொன்னேன். "கம்ப்யூட்டர் படிக்காது. பிள்ளைக படிக்கும்லா" என்றாய். உடனே நிறப் பட்டியலைத் திறந்தேன்.

நிறம் தேர்ந்தெடுப்பதற்குள் என் உயிரை எடுத்தாய். நான் பச்சை என்றேன். நீ வகுப்பின் சன்னல்களையெல்லாம் திறந்து பாளையங்கோட்டை வெயிலை உள்ளே விட்டுவிட்டு, கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தாய். நம் பழைய புரொஜெக்டரில் பச்சை எடுபடவில்லை. நீலமும் எடுபடவில்லை. "சேலை எடுக்கக்கூட இவ்வளவு நேரம் ஆகாதே தாயே" என்றேன். "சேலைய நான் ஒருத்திதானட்டி உடுத்துவேன்" என்றாய். கடைசியில் அரக்கு நிறத்துக்குத் தலையாட்டினாய்.

அன்றைய அவசரத்தில் அந்த நிறத்தை பிளக்இன்னின் சொந்தக் கோப்பிலேயே மாற்றி வைத்தோம். புதுப்பித்தால் அது அழிந்துவிடும், தனிக் கோப்பில்தான் எழுத வேண்டும் என்று பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியவர்களும் நாம்தான். ஊருக்குத்தான் உபதேசம். நீ இருந்திருந்தால் இன்று இரண்டு பேருமாகச் சிரித்திருப்போம்.

உடம்புக்கு முடியாமல் போன பிறகும் வீட்டிலிருந்தபடியே கடைசி நாள் வரை பக்கங்களைத் திருத்திக்கொண்டிருந்தாய். பைய செய்யேன் என்றால் கேட்க மாட்டாய். எனக்கு உன்னை ரொம்பத் தேடுகிறது. இப்போதெல்லாம் நானும் விளக்கத்தை முதலில் எழுதிவிட்டுத்தான் நிரலைத் தொடுகிறேன். சரியாக எழுதியிருக்கிறேனா என்று சொல்லத்தான் ஆள் இல்லை.

அந்தப் பெண்ணைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு அரக்கு நிறத்தை மறுபடி சேர்த்தேன், இந்த முறை தனிக் கோப்பில். அவள் உதடு அசையப் படித்தாள். "இந்த வரி சுற்றிச் சுற்றி வரும். பயப்படாதே, நிற்க வேண்டிய இடத்தில் நிற்கும்" என்று நீ எழுதியிருந்த இடத்தில் லேசாகச் சிரித்தாள். பிறகு தானே தட்டச்சு செய்து ஓட்டிப் பார்த்தாள். ஓடியது. திரையில் உன் வரிகளைத் தொட்டுக் காட்டினாள்.

"மிஸ், இவங்க நம்மகிட்ட பேசுத மாதிரியே எழுதியிருக்காங்க. எங்களுக்குப் பாடம் எடுக்க எந்த வருசம் வருவாங்க?"

நீ எழுதிய அடுத்த பாடத்தை அவளுக்குத் திறந்து வைத்தேன்.

"இந்த வருசந்தான்" என்றேன். "தெனமும் வருவாங்க."